இராமானுஜன் கண்ட இரண்டு எண்கள்

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஈரோடு செல்லும் பேருந்துகள் நாளெல்லாம் வந்து நின்று புறப்பட்டவண்ணம் உள்ளன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. நம் மாணவருள் பலர் வாரந்தோறும் அவ்வழியே ஊர் சென்று திரும்புவோர். ஈரோடு என்றதும் மஞ்சள் மண்டியும், ஜவுளிச் சந்தையும், 1879இல் அவ்வூரில் பிறந்த தந்தை பெரியாரும் அவர்கள் நினைவிற்கு வருவது இயல்பே. பெரியார் பிறந்து எட்டாண்டுகள் கழித்து, 1887 டிசம்பர் 22ஆம் நாள், அதே ஊரில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்த மற்றொரு குழந்தையை நாம் அத்துணை விரைவில் நினைப்பதில்லை. கும்பகோணத்துப் பிள்ளை என்றே உலகம் அவரை அறியும்; நாமும் வாளாவிருந்துவிட்டோம். அன்று ஈரோடு கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். 1979இல்தான் அப்பகுதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே, சீனிவாச இராமானுஜனைக் கொங்கு நாட்டார் தம்மவர் என்று உரிமை கொண்டாடுவதில் பிழை ஏதுமில்லை.

தமிழ்த்துறை மலரில் கணித மேதைக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். கணிதத்தைத் தமிழில் சொல்ல இயலுமா என்னும் வினாவும் அதனுள்ளே மறைந்து கிடக்கிறது. அதற்கு வாதத்தால் விடை கூறுவதினும் சொல்லிக் காட்டுவதே நேரிது என எண்ணினோம். அவரது வாழ்க்கை பலராலும் பலமுறை எழுதப்பட்டுள்ளது. 1729 என்னும் வாடகை வண்டி எண்ணின் கதையை அறியாத பள்ளிச் சிறுவன் அரிது. அவற்றை ஈண்டு மீண்டும் விரித்துரைப்பது நம் நோக்கமன்று. அவர் 1916இல் எழுதிய ஒரு கட்டுரையை மையமாகக் கொண்டு அவ்வாழ்வை நோக்க விழைகிறோம். இளநிலைக் கணித மாணவர் முதலாண்டில் பயிலும் சிறியதொரு பாடம் அக்கட்டுரையை விளங்கிக்கொள்ளப் பேருதவி செய்கிறது என்பதே இம்முயற்சிக்குக் காரணம்.

தந்தை சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதியவர். தாய் கோமளத்தம்மாள். வறுமை என்று சொல்லிவிட முடியாவிடினும், மாதக் கடைசியை எண்ணி எண்ணிக் கழித்த குடும்பம். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் இராமானுஜன் பரிசுகள் பல பெற்றார். 1903இல் கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை நிறுவல் ஏதுமின்றியோ, குறிப்பளவான நிறுவலுடனோ வரிசையாக அடுக்கிய நூல் அது. தேர்வுக்கு உருப்போடுவோர்க்கென எழுதப்பட்ட அந்நூலை இராமானுஜன் தாமே நிறுவிப் பார்க்கவேண்டிய புதிர்த்தொகையாக எடுத்துக்கொண்டார். முடிவை மட்டும் எழுதி வழியை எழுதாது விடும் பழக்கம் அவருக்கு அந்நூலால் வந்தது என்பர் ஆராய்ந்தோர்.

அதன் பின்னர் நேர்ந்தது, மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே சிந்திக்கத்தக்கது. 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதம் தவிரப் பிற பாடங்களில் கருத்துச் செல்லவில்லை; உதவித்தொகை பறிபோயிற்று. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை சென்றார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இடைநிலைத் தேர்வில் அவ்வாண்டும் தோல்வி, 1907இலும் தோல்வி. இருபது வயதில் பட்டமில்லை, வேலையில்லை. கையில் இருந்தவை சில குறிப்பேடுகள் மட்டுமே. 1909இல் ஜானகியம்மாளுடன் திருமணம் நிகழ்ந்தது. அதன் பின்னர் அக்குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு வேலை தேடி அலைந்தார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கிய வி. இராமசாமி ஐயர் அவற்றைப் புரட்டிப் பார்த்துத் தக்கோரிடம் அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் சிறிது காலம் பொருளுதவி செய்தார். 1912 மார்ச்சு 1ஆம் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய மடலும், அதன் விளைவாக 1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறியதும் யாவரும் அறிந்தவை.

அவர் சென்று சேர்ந்த சில திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. கல்லூரி அறைகள் வெறிச்சோடின. மரக்கறி உணவைத் தாமே சமைத்து உண்டுகொண்டு, குளிரில் நடுங்கியவாறு அவர் ஆராய்ந்தார். 1916 மார்ச்சில், இங்குத் தேர்வில் இருமுறை தவறியவர்க்கு அங்கு ஆராய்ச்சியின்பேரில் பட்டம் வழங்கப்பெற்றது. அதே ஆண்டில்தான் நாம் குறிப்பிட்ட கட்டுரையும் வெளிவந்தது.

இனி, அக்கட்டுரைக்குள் புகுமுன் வகுப்பறைப் பாடத்தைச் சற்று நினைவுகூர்வோம். எண்களை வரிவரியாகச் சதுரக் கட்டத்தில் நிறுத்துவது அணி. அணி என்னும் சொல் நம் மொழியில் படையையும் குறிக்கும், பூணையும் குறிக்கும், செய்யுளின் அழகையும் குறிக்கும். கணிதம் நான்காவதாக வந்து உரிமை கோரியது. இலங்கைத் தமிழர் இதனையே தாயம் என்பர். இரண்டு வரி, இரண்டு நிரல் கொண்ட சிறிய அணி ஒன்றைக் கொள்வோம். முதல் வரியில் 5, 2; இரண்டாம் வரியில் 3, 4. இடப்புற மேல்மூலையிலிருந்து வலப்புறக் கீழ்மூலைக்குச் செல்லும் மூலைவிட்டத்தில் உள்ள 5, 4 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 9. இதுவே அணியின் சுவடு. அவ்விரண்டின் பெருக்கற்பலனாகிய 20இலிருந்து, எதிர் மூலைவிட்டத்தின் பெருக்கற்பலனாகிய 6ஐக் கழித்தால் 14. இதுவே அணிக்கோவை.

மாணவர் இவ்விரண்டையும் கணக்கிட்டு மதிப்பெண் பெற்று மறந்துவிடுகின்றனர். நான்கு எண்கள் இருக்க, இவ்விரண்டிற்கு மட்டும் ஏன் தனிப்பெயர் என்று கேட்பவர் சிலரே. அணி என்பது ஒரு தளத்தின் புள்ளிகளை நகர்த்தும் விதி. நாம் அளக்கும் அச்சுகளைத் திருப்பி வைத்தால் அணியின் நான்கு உறுப்புகளும் மாறிவிடும்; ஆனால் சுவடும் அணிக்கோவையும் மாறா. நாம் மேலே கண்ட அணியை, அச்சுகளைத் தக்கவாறு தெரிந்துகொண்டால், 7, 0, 0, 2 என்றே எழுதிவிடலாம். அப்போதும் சுவடு 9, அணிக்கோவை 14. கூட்டினால் சுவடும் பெருக்கினால் அணிக்கோவையும் தரும் இவ்விரு எண்கள், 7உம் 2உம், அணியின் சிறப்பியல்பு மூலங்கள் எனப்படும். அவற்றைக் காண ஓர் இருபடிச் சமன்பாடு போதும். ஆடையை மாற்றினும் ஆளை அடையாளம் காட்டும் மச்சம் போன்றவை இவ்விரு எண்களும்.

இராமானுஜன் அக்கட்டுரையில் எடுத்துக்கொண்ட பொருள் அணியன்று. அதில் அணி எதுவும் எழுதப்படவுமில்லை. அவர் ஒரு முடிவிலாப் பெருக்கத்தை எடுத்தார். ஒரு மாறியின் அடுக்குகளை ஒவ்வொன்றாக 1இலிருந்து கழித்து, கிடைப்பவற்றையெல்லாம் 24ஆம் அடுக்கிற்கு உயர்த்திப் பெருக்கி, அத்துடன் அம்மாறியையும் ஒருமுறை பெருக்கி விரித்தால் வரும் கெழுக்களை நிரல்படக் கணக்கிட்டார். அவற்றிற்கு டௌ என்னும் கிரேக்க எழுத்தைப் பெயராக இட்டார். 1இன் டௌ 1. 2இன் டௌ −24. 3இன் டௌ 252. 4இன் டௌ −1472. 5இன் டௌ 4830. 6இன் டௌ −6048. 7இன் டௌ −16744. இவ்வாறு 30 வரை அட்டவணை இட்டார். கணிப்பொறி இல்லாக் காலம், எழுதுகோலே துணை.

கூட்டமும் குழப்பமுமாகத் தோன்றும் இவ்வெண்களில் ஓர் ஒழுங்கை அவர் கண்டார். 2க்குரிய −24ஐயும் 3க்குரிய 252ஐயும் பெருக்கினால் −6048. அதுவே 6க்குரிய எண். பொதுக்காரணி இல்லாத எந்த இரண்டு எண்களுக்கும் இவ்வாறே அமையும் என்றார். பகா எண்ணின் அடுக்குகளுக்கு வேறொரு விதி கூறினார். ஓர் அடுக்கிற்குரிய டௌவைப் பெற, முந்தைய அடுக்கின் டௌவைப் பகா எண்ணின் டௌவால் பெருக்கி, அதற்கும் முந்தைய அடுக்கின் டௌவை அப்பகா எண்ணின் 11ஆம் அடுக்கால் பெருக்கிக் கழிக்கவேண்டும். ஆக, ஒவ்வொரு பகா எண்ணுக்கும் இரண்டு எண்கள் போதும்: அதன் டௌவும், அதன் 11ஆம் அடுக்கும். மற்றவையெல்லாம் அவ்விரண்டிலிருந்து பிறக்கும்.

இவ்விடத்தில் நம் சிறிய அணியைக் கொண்டுவந்து நிறுத்துவோம். 2 என்னும் பகா எண்ணுக்கு −24, 2048 ஆகியவை அவ்விரு எண்கள். முதல் வரியில் −24, −2048. இரண்டாம் வரியில் 1, 0 என ஓர் அணி எழுதுக. அதன் சுவடு −24, அணிக்கோவை 2048. இதனை இதனாலேயே பெருக்கினால் மேல் இடமூலையில் 576இலிருந்து 2048 கழிந்து −1472 நிற்கும். அது 4இன் டௌ! மேலும் ஒருமுறை பெருக்கினால் அம்மூலையில் 84480 வரும். அது 8இன் டௌ. தாளும் எழுதுகோலும் உள்ள எந்த மாணவரும் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கலாம். நாமும் சரிபார்த்த பின்னரே இதனை எழுதுகிறோம். இராமானுஜன் கூறிய விதி, ஒவ்வொரு பகா எண்ணின் பின்னாலும் இரண்டுக்கு இரண்டு அணி ஒன்று மறைந்து நின்று, தன் சுவட்டையும் அணிக்கோவையையும் மட்டும் வெளியே காட்டுவது போன்றது.

அவர் கண்ட மற்றொரு விந்தையும் உண்டு. 1இலிருந்து சுவட்டைக் கழித்து அணிக்கோவையைக் கூட்டுக. 2க்கு 1உம் 24உம் 2048உம் சேர்ந்து 2073. இது 691இன் மூன்று மடங்கு. 3க்கு 1இலிருந்து 252 கழித்து 177147 கூட்டினால் 176896. இது 691இன் 256 மடங்கு. எந்தப் பகா எண்ணை எடுப்பினும் 691 மீதியின்றி வகுக்கும். 691 எங்கிருந்து வந்தது என்பது தனிக்கதை. பெர்னூலி எண்கள் என்பவற்றுள் அது உறைகிறது. இராமானுஜனின் முதல் ஆய்வுக்கட்டுரை, 1911இல் வெளிவந்தது, அப்பெர்னூலி எண்களைப் பற்றியதே என்பதை மட்டும் குறித்துவிட்டு மேற்செல்வோம்.

அக்கட்டுரையின் மூன்றாவது கணிப்பே மிக ஆழமானது. அதனை விளக்க நாம் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் பின்னோக்கிப் பாக்தாது நகருக்குச் செல்லவேண்டும். கலீபா மாமூன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 820இல், அல்-குவாரிஸ்மி இயற்றிய நூலின் பெயரிலிருந்தே அல்ஜிப்ரா என்னும் சொல் உலகிற்குக் கிடைத்தது. இருபடிச் சமன்பாடுகளை அவர் வகைபிரித்தார். அவற்றுள் ஒன்று: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு தெரிந்த எண் ஒன்றைக் கூட்டினால், அவ்வெண்ணின் குறிப்பிட்ட மடங்கிற்குச் சமமாகும் என்பது. இவ்வகைக்கு மட்டும் அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மடங்கில் பாதியை எடுத்து வர்க்கம் காண்க. அது கூட்டப்பட்ட எண்ணினும் சிறிதாயின் அச்சமன்பாட்டிற்குத் தீர்வே இல்லை என்றார். அவர் காலத்து எண்களுக்குள் அது முற்றிலும் உண்மை.

3 என்னும் பகா எண்ணின் சமன்பாட்டை அவர் முன் வைப்போமாக. வர்க்கத்தோடு 177147 கூட்டினால் 252 மடங்கிற்குச் சமம். பாதி 126, அதன் வர்க்கம் 15876. கூட்டப்பட்ட எண்ணில் பத்திலொரு பங்குகூட இல்லை. தீர்வில்லை என்று அல்-குவாரிஸ்மி ஏட்டை மூடியிருப்பார். 5க்கு 2415இன் வர்க்கம் 5832225, எதிர்நிற்பதோ 48828125. அங்கும் அவ்வாறே. எந்தப் பகா எண்ணாயினும், சுவட்டில் பாதியின் வர்க்கம் அணிக்கோவையை விஞ்சாது என்பதே இராமானுஜனின் மூன்றாவது கணிப்பு. மூலங்கள் இரண்டும் கற்பனை எண்கள் கலந்தவையாய், ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாய், ஒரே அளவினவாய் நிற்கும் என்பது அதன் பொருள். பாக்தாதில் கதவடைக்கப்பட்ட இடத்தில் ஈரோட்டில் பிறந்தவர் முடிவிலாப் பகா எண்கள் அனைத்தையும் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுவல் தரவில்லை, தமக்குத் தோன்றியதாக எழுதிவைத்தார்.

அதற்குப் பின் அவருக்கு வாய்த்த காலம் குறுகியது. 1917 முதல் மருத்துவமனைகளில் கழித்தார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரும், பின்னர் டிரினிட்டிக் கல்லூரியின் உறுப்பினரும் ஆனார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தபோது, 1919 ஜனவரியில் அவர் பதிவாளருக்கு விடுத்த மடல் நெஞ்சை உருக்குவது. பெற்றோர்க்கு உரியதையும் தம் இன்றியமையாச் செலவையும் நீக்கி எஞ்சியதை ஏழைச் சிறுவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் புத்தகங்களுக்கும் செலவிடவேண்டும் என வேண்டினார். உதவித்தொகையை இழந்து ஊரைவிட்டு ஓடிய பதினேழு வயது இளைஞனை அவர் மறக்கவில்லை போலும்.

1919 மார்ச்சு இறுதியில் பம்பாயில் கரையிறங்கினார். உடல் தேறவேண்டி அவ்வாண்டுக் கோடையில் அவர் தங்கிய ஊர் எது என்பதைக் கொங்கு நாட்டார் நெஞ்சில் பொறித்துக்கொள்ளவேண்டும். காவிரிக் கரையில் உள்ள கொடுமுடி அது. ஈரோட்டிலிருந்து தொலைவில்லை. பிறந்த மண்ணின் அருகே இரண்டொரு திங்கள் இருந்துவிட்டு, பின் கும்பகோணத்திற்கும் அங்கிருந்து சென்னைக்கும் சென்றார். நோயிடையிலும் தாள்களில் எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32. ஜானகியம்மாள் அதன்பின் எழுபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1994இல் மறைந்தார்.

கணிப்புகளின் கதை அவரோடு முடியவில்லை. முதலிரண்டையும் மார்டெல் என்பவர் 1917இலேயே நிறுவினார். மூன்றாவது அசையவில்லை. ஹார்டி 1940இல் வெளியிட்ட நூலில் டௌ சார்புக்கு ஓர் இயலை ஒதுக்கினார். ஆயினும், கணிதப் பேராற்றை விட்டு ஒதுக்குக் கால்வாய் ஒன்றில் புகுந்துவிட்டோமோ எனப் படிப்போர் ஐயுறக்கூடும் என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. இராமானுஜனை உலகிற்கு உணர்த்திய பெருந்தகையே இவ்வாறு தயங்கினார் என்பது குறையன்று. அக்காலத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றியிருக்கும். கும்பகோணத்துத் தேர்வாளர்க்கும் அவ்விளைஞர் அப்படித்தானே தோன்றினார்.

1960களின் இறுதியில் பெல்ஜிய நாட்டுப் பியேர் டெலீஞ், பகா எண்கள்தோறும் மறைந்து நின்ற அணியை உண்மையாகவே வெளிக்கொணர்ந்தார். நாம் மேலே எழுதியது விதியைப் புரிந்துகொள்ளக் கையால் கட்டிய பொம்மை. அவர் கொணர்ந்தது வடிவகணிதத்தின் ஆழத்திலிருந்து தானே எழுந்தது. அவ்வணிகளின் உறுப்புகள் நாம் அறிந்த எண்களல்ல. எனினும் சுவடு இராமானுஜனின் டௌவே. அணிக்கோவை பகா எண்ணின் 11ஆம் அடுக்கே. 1974இல் மூன்றாவது கணிப்பையும் அவர் நிறுவி முடித்தார். கட்டுரை வெளிவந்து 58 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1978இல் அவர் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். 1988இல், தகவல் வலைப்பின்னல்களுக்குப் பயன்படும் ஒருவகை வரைபடங்களுக்கு இராமானுஜன் வரைபடங்கள் என்றே பெயர் வழங்கலாயிற்று. அவற்றின் சிறப்பை நிறுவவும் இக்கணிப்பின் உறவுடைய முடிவுகளே துணைநின்றன.

ஒரு வினா மட்டும் மீதம் இருக்கிறது. டௌ எப்போதேனும் சுழியமாகுமா? 1947இல் அமெரிக்கக் கணிதர் லேமர் இதனை ஆராய்ந்தார். அவ்வாறு சுழியமாகும் எண் உண்டெனில், அவற்றுள் மிகச் சிறியது ஒரு பகா எண்ணாகவே இருத்தல் வேண்டும் எனவும் காட்டினார். அதாவது, சுவடே இல்லாத அணி ஒன்றைத் தன் பின்னால் மறைத்துவைத்திருக்கும் பகா எண் எங்கேனும் உண்டா என்பது வினா. கணிப்பொறிகள் நெடுந்தொலைவு தேடிச் சென்றும் ஒன்றையும் காணவில்லை. இல்லை என்று நிறுவியவரும் இன்றுவரை எவரும் இலர்.